கொடும்பாவி கையில் ஒரு பைப்

அந்தக் கோடையில் நான் தருமபுரியில் கல்லூரி படித்துக்கொண்டிருந்தேன். நாளைக்குத் தண்ணீருக்காக மாநிலமும் மாநிலமும் அடித்துக்கொள்ளும் என்று, நல்லம்பள்ளி பஸ்ஸில் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் விடமாட்டேன், பேசிக்கொண்டே வருவேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா குடத்தை நீட்டுவாள்.

எங்கள் கிணறு வற்றிக் கிடந்தது. தெருக்கோடித் தோட்டக்காரர் போர்வெல் போட்ட மறு வருசமே அடி தெரிந்துவிட்டது. ஆனால் இப்போது குடிக்கத் தண்ணீர் தருவதும் அவர்தான். கரண்ட் வந்ததும் மோட்டாரைப் போடுவார். மதிலுக்கு வெளியே ஒரு பைப் விட்டிருந்தார். தெரு மொத்தமும் அதில்தான் பிடித்தது. பைப்படியில் 'தங்கமான மனுசன்' என்பார்கள். அவரவர் வூட்டுக்குள் போனதும் பேச்சே வேறு.

மழை வேண்டிக் கொடும்பாவி இழுப்பது என்று ஊர் கூடி முடிவு செய்தது. வைக்கோலில் ஆள் கட்டி, ஊர்ப் பாவமெல்லாம் அதன் தலையில் என்று சொல்லி, தெருத் தெருவாக இழுத்துப்போய் எல்லையில் கொளுத்துவார்கள். பின்னால் பெண்கள் எழவு வீட்டைப்போல் ஒப்பாரி வைத்துக்கொண்டு போக வேண்டும். ஒப்பாரி என்றால் எங்கள் அம்மாதான்.

அந்த வருசம் பசங்கள் கொடும்பாவியின் கையில் ஒரு முழம் பிவிசி பைப்பைச் சொருகிவிட்டார்கள். யாரென்று யாரும் யாரையும் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே இழுத்தார்கள். தோட்டக்காரர் வீட்டு முன்னால் வந்ததும் அம்மா பாட்டை நிறுத்தினாள். அவர் கேட்டின்மேல் கைவைத்து நின்றிருந்தார்.

"என்னக்கா, தண்ணி நின்னுரும்னு பயமா?" என்றாள் அம்மாவின் தங்கை, என் சித்தி. "பாடுக்கா. நாங்கல்லாம் இல்லியா?"

அம்மா மாரில் அடித்துக்கொண்டாள். "ஆழத்துல ஓட்டை போட்டு எங்க கெணத்தக் குடிச்ச பாவி..." கூட்டம் அதை அப்படியே வாங்கிப் பாடியது. மற்றவர்கள் எப்படியோ, அம்மா அழுதது நிஜம்.

மறுநாள் காலை பைப்பில் தண்ணீர் வந்தது. பக்கத்தில் அவரே நின்றார். ஒவ்வொருவராகப் பிடித்தார்கள். சித்தியும் பிடித்தாள். அம்மா குடத்தை வைத்ததும் அவர் குனிந்து வால்வை மூடினார்.

"மழைதான் வரப்போவுதுங்களே. அதுல புடிச்சிக்குங்க." மரியாதையாகத்தான் சொன்னார்.

வரிசையில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. சித்தி தலைச் சும்மாட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நான் கத்தப் போனேன். அம்மா கையைப் பிடித்து இழுத்தாள். வெறுங்குடத்தோடு திரும்பினோம். பின்னால் பைப் மறுபடி ஓடுகிற சத்தம் கேட்டது.

"சித்தி மேல கோவப்படாத, கண்ணு," என்றாள் அம்மா. "அவ குடம் காலியா இருந்து என்னுது நெறஞ்சிருந்தா, நானும் பேசியிருக்க மாட்டேன்."