பாட்டுக்கு நடுவுல 'ஆச்சு கண்ணு'ன்னு சொல்லிப்போட்டேன்

என்ற மக ரெண்டு வாரமாக் கூப்பிட்டுட்டே இருந்தாள்னு இன்னைக்குச் சாயங்காலம் பீளமேட்டுல ஒரு கஃபே மாடிக்கு அவகூடப் பாட்டுக் கேக்கப் போனேனுங்க.

முப்பது நாற்காலி, ஒரு மைக். சொந்தமா எழுதி, மெட்டுப் போட்டு, கிட்டாரோட பாடற ஒரு பொண்ணு.

கடைசிப் பாட்டுக்கு முன்னாடி சொல்லுச்சு: "ஐடி வேலைய உட்டுப்போட்டுப் பாட வந்ததுல இருந்து எங்கப்பா எங்கூடப் பேசறதில்லைங்க. இது அவருக்கு எழுதினது."

அப்பாவுக்குப் போன் பண்ணற மாதிரியே பாட்டு. நாலு வரிக்கு ஒருக்கா, "ஏனுங்கப்பா, சாப்டாச்சுங்களா?"ன்னு கேட்டு நிறுத்துது.

மூணாவது தடவ கேட்டப்ப என்ற வாய் சும்மா இருக்கலைங்க. "ஆச்சு கண்ணு, நீ சாப்ட்டியா?"ன்னு சத்தமாவே சொல்லிப்போட்டேன்.

எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. மக துப்பட்டாவுல மூஞ்சிய மூடிக்கிட்டா.

அந்தப் பொண்ணு கிட்டார நிறுத்திருச்சு. "இன்னும் இல்லீங்க"ன்னு மெதுவாச் சொல்லுச்சு. அப்புறம் கண்ணத் தொடச்சுட்டு மிச்சத்தப் பாடி முடிச்சுது.

கெளம்பறப்ப, "மன்னிச்சுக்க அம்மணி, பாட்டக் கெடுத்துப்போட்டேன்"னேன்.

"அட, இல்லீங்க. அந்த எடத்துல இதுவரைக்கும் யாருமே பதில் சொன்னதில்லைங்க."

பஸ்ஸுல வரும்போதுதான் வயிறு ஞாபகப்படுத்துச்சு. மத்தியானத்துல இருந்து நான் ஒண்ணுமே சாப்பிடலை. அந்தப் பொண்ணு நெசத்தச் சொல்லிருச்சு, நாந்தான் பழக்கதோசத்துல பொய் சொல்லிப்போட்டேன்.

நீங்கெல்லாம் சாப்டாச்சுங்களா? நெசமாச் சொல்லோணும்.