இரண்டு முறை துடைத்த பக்கம்

அலுவலகத்தில் அவளுக்குத் துடைப்பம் என்று பட்டப்பெயர். அவள் கோபித்துக்கொண்டதில்லை. கணினியின் நினைவகம் பக்கம் பக்கமாக இருக்கும். ஒரு நிரல் எழுதிவிட்டுப் போன பக்கத்தை அடுத்த நிரலுக்குக் கொடுக்குமுன் முழுக்கப் பூஜ்ஜியமாக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவரின் கடவுச்சொல் இன்னொருவர் கையில் கிடைக்கும். இயங்குதளத்தின் கருவுக்குள் நடக்கும் அந்தத் துடைப்புதான் அவள் பிழைப்பு.

துடைக்க நேரமாகிறது என்று புகார் வந்தபோது அவளேதான் வழி சொன்னாள். இயந்திரம் சும்மா இருக்கும்போதே துடைத்து அடுக்கிவிடலாம். தலைவருக்குப் பிடித்துப்போயிற்று. மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து எழுதினாள். அவள் பெயரில் வெளிவரப்போகும் முதல் பெரிய வேலை.

கடைசியாக அளந்து பார்த்தபோது வேகம் குறைந்திருந்தது. கேட்ட நேரத்தில் துடைத்த பக்கம் கணினியின் மூளையான செயலிக்கு அருகிலேயே, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. முன்கூட்டித் துடைத்ததோ அதற்குள் தொலைவுக்குப் போய்விடுகிறது; திரும்ப எடுத்துவர நேரமாகிறது. மறுநாள் கூட்டத்தில் இதைச் சொன்னால் மழைக்காலம் வீண்.

வீட்டில் கணவன், அடுக்கிலிருந்த தட்டை எடுத்துக் குழாயில் காட்டிக்கொண்டிருந்தான்.

“நான் கழுவி வெச்சதுதானே அது?”

“தெரியும். இருந்தாலும் மனசு கேக்கல.”

“என் கழுவல் மேல அவ்வளவு நம்பிக்கை!”

“நம்பிக்கை வேற, தட்டு வேற, தாயே.”

சிரித்தவள் பாதியில் நிறுத்தினாள். கருவுக்குள்ளும் இதே கதைதான். பக்கத்தை ஒதுக்கும் பகுதி துடைத்துத்தான் கொடுக்கிறது. வாங்கும் பகுதியோ அதை நம்பாமல் மறுபடி துடைக்கிறது. அத்தனை வருஷமாக!

கூட்டத்தில் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “நீங்க எழுதினத நீங்களே தூக்கச் சொல்றீங்களா?”

“ஆமா சார். அது மெதுவா ஓடுது.”

“மனசு வருதாம்மா?”

“வரலதான். ஆனா அளந்து பாத்துட்டேனே.”

பிறகு இரண்டாவது துடைப்பைக் காட்டினாள். துடைத்தாயிற்று என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் மட்டும் அதை எடுத்துவிடலாம். தலைவர் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் வேகம் கூடியிருந்தது. “துடைப்பம்னு இனிமே எவனாவது சொல்லட்டும், பாக்கறேன்” என்றார்.

“சொல்லட்டும் சார், நல்லாத்தான் இருக்கு.”

புதிய வெளியீட்டில் அவள் பெயருக்கு நேரே சேர்த்த வரிகளைவிட நீக்கிய வரிகளே அதிகம். கணவன் திரையை எட்டிப் பார்த்தான்.

“இத்தனை நாள் உக்காந்து அழிச்சியா? கேக்கறவங்களுக்கு நான் என்னத்தச் சொல்ல?”

“என் பொண்டாட்டி ஒரு தடவ துடைச்சா போதும்னு சொல்லுங்க.”

அன்று அவன் அடுக்கிலிருந்து தட்டை எடுத்து, நேராகச் சோற்றைப் போட்டான்.