சிவமலர் சோதித்துப் பார்க்காத செய்தி

சிவமலரைப் போல ஒரு சந்தேகப் பிராணியை நான் பார்த்ததே இல்லை. தொண்ணூறுகளில் கோலாலம்பூரில் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் கம்ப்யூட்டர் அறையில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். ‘இயங்குதளத்தில் ஓட்டை இருக்கிறது, திருடன் இந்த வழியாக நுழையலாம்’ என்று எங்கிருந்தாவது ஈமெயில் வந்துகொண்டே இருக்கும். பாதி உண்மை, பாதி புருடா. எது எதுவென்று பிரிப்பதுதான் அவள் வேலை.

மேனேஜர் பதறிக்கொண்டு ஓடி வருவார். இவள் அசைய மாட்டாள். “யார் சொன்னது சார்? அவனே செஞ்சு பாத்தானா, இல்ல கேட்டதச் சொல்றானா?” என்பாள். மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் அந்த வழியாகத் தானே நுழைந்து பார்ப்பாள். நுழைய முடிந்தால்தான் நம்புவாள்.

“தீர விசாரிப்பதே மெய்னு நெத்தியில எழுதி ஒட்டிக்க லா” என்று நான் கேலி செய்வேன்.

கிள்ளானில் ஒரு கப்பல் கம்பெனியில் இதே வேலை பார்த்த பாலசுந்தரம் மட்டும்தான் அவளுக்கு ஈடு. சோதித்ததை இருவரும் ஈமெயிலில் ஒப்பிட்டுக்கொள்வார்கள். முகம் பார்த்ததில்லை. ஆனால் அவனிடமிருந்து ஒன்றும் வராத நாளில் இவளுக்கு மத்தியானச் சோறு இறங்காது. ஒருநாள், ‘ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் உங்கள் வீட்டுக்கு வருகிறேன், உங்கள் அம்மாவிடம் பேசலாமா?’ என்று எழுதியிருந்தான். அடேயப்பா, அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

அவள் அம்மா ஊர் வழக்கப்படி கோவிலில் அவன் குடும்பத்தைப் பற்றி விசாரித்தார். கோவிலுக்கு வரும் புனிதவதி ஆன்டி அடித்துச் சொன்னார்: “கிள்ளான் வீட்டுப் பையனா? சிரம்பான்ல பொண்ணு நிச்சயமாச்சே!”

மறுநாள் சிவமலர் கண் வீங்கி வந்தாள்.

“அவரையே கேளேன்டி!” என்று கத்தினேன்.

“எப்படிக் கேக்கறது நூரு? வெக்கமா இருக்கு.”

அவனுக்குப் பதிலே போடவில்லை. அவனும் எழுதிப் பார்த்து ஓய்ந்து போனான். இவளோ தினமும் காலையில் முதல் வேலையாக அவன் பெயரைத் தேடுவாள்.

மூன்று வருஷம் கழித்து பாலசுந்தரமே எங்கள் அலுவலகத்துக்கு வந்து நின்றான். ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் வேலையாம், லீவுக்கு வந்தானாம். மனைவி கீழே காரில் இருந்தாள்.

“முகத்தையாவது ஒரு தடவ பாக்கணும்னு தோணுச்சு” என்றான்.

என் வாய் சும்மா இருக்குமா? “சிரம்பான் பொண்ணுதானே?”

“இல்லைங்க, அவங்க பெர்த்துலயே பொறந்தவங்க. போன வருஷம்தான் கல்யாணம். சிரம்பான்ல கட்டினது என் தம்பி.”

அண்ணன் இருக்கத் தம்பிக்கா முதலில் நிச்சயம் செய்வார்கள் என்று, ஆன்டி தானாகவே மூத்தவன் தலையில் கட்டியிருக்கிறார்.

“நீங்க பதில் போடல. வேணாங்கறீங்கன்னு நெனச்சேன்” என்றான் அவளிடம்.

“டீ குடிக்கிறீங்களா?” என்று மட்டும் கேட்டாள் சிவமலர்.

அவன் போனதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஊர் ஓட்டையெல்லாம் நோண்டிப் பாத்தியே பாவி, இத ஒரு வார்த்த கேட்டியா?”

அவள் அன்று வந்த ஈமெயிலை அச்சடித்த தாளைக் கையில் எடுத்துக்கொண்டு மூலைக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

“நீ சாப்பிடப் போ நூரு. இது உண்மையா பொய்யான்னு பாத்துட்டு வரேன்.”

நான் சாப்பிட்டுத் திரும்பி வந்தபோதும் திரையைப் பார்த்தபடியே இருந்தாள். சுவிட்சைக்கூடப் போட்டிருக்கவில்லை.