முன்கூட்டிச் சொன்ன சாட்சி

என் அக்காள் புருஷனுக்குச் சபையில் 'இடி' என்று பெயர். வாலிபர்கள் வைத்த பெயர்தான், ஆனால் பாஸ்டரே ஒரு தடவை வாய் தவறிச் சொல்லிவிட்டார். அத்தான் ஜெபம் பண்ண எழுந்தால் மைக்கை அணைத்துவிடுவார்கள். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற பெரிய சலவைக்கூடத்தில் முப்பது வருஷமாகப் பாய்லர் ஆபரேட்டர். அந்த இரைச்சலில் கத்திக் கத்தித் தொண்டை அப்படி ஆகிவிட்டது. எனக்கு அவருடைய சத்தத்தின்மேல் கோபமில்லை, தோரணையின்மேல்தான். மற்றவர்கள் ஆண்டவரிடம் கேட்பார்கள். இவர் உத்தரவு போடுவார். "இப்பவே, இந்த நிமிஷமே போகணும்!" என்று வியாதியை விரட்டுகிற குரலும், தண்ணீர் பம்பைப் போடச் சொல்லி ஹெல்ப்பரை விரட்டுகிற குரலும் ஒன்றுதான். அவர் ஜெபித்ததில் சிலருக்குக் காய்ச்சல் விட்டது, ஒருத்தருக்கு வேலை கிடைத்தது. அதில் அவருக்குத் தலை கொஞ்சம் கனத்துப் போயிருந்தது.

அக்கா நேர் எதிர். அவள் ஜெபிக்கிறாளா தூங்குகிறாளா என்று பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாது. முன்னறையில் தையல் மெஷின் வைத்து ரவிக்கையும் பள்ளிக்கூடச் சீருடையும் தைத்துக் கொடுத்தாள். ஊசியில் நூல் கோக்க வரவில்லை என்று ஒருநாள் கண்ணாடி மாற்றப் போனாள். கண் டாக்டரம்மா அவளை விடவில்லை. கண்ணுக்குள்ளே பிரஷர் ஏறி நரம்பைத் தின்றுகொண்டிருக்கிறது, இடது கண்ணில் பாதிக்குமேல் போய்விட்டது, வலதும் ஆரம்பித்துவிட்டது என்றார். "போனது திரும்ப வராதும்மா. இருக்கறதைக் காப்பாத்தலாம். காலையிலயும் ராத்திரியும் ஒரு சொட்டு. ஆயுசுக்கும் நிறுத்தக் கூடாது." வலியே இல்லாமல் பார்வை போய்க்கொண்டிருக்கும் என்றும் எச்சரித்தார்.

இருக்கறதைக் காப்பாற்றுவது என்பது அத்தானுக்கு ஒத்து வரவில்லை. முழுசாகக் கொடுக்க முடிந்த ஆண்டவரிடம் போய் மிச்சத்தைக் கேட்பதா? அவரால் முடியாதது ஏதாவது உண்டா? இதையே வீட்டில் மூன்று மாதம் முழங்கினார். எங்கள் சபையில் அப்போது ஒரு பழக்கம் பரவியிருந்தது. கேட்டதை இன்னும் பெறாவிட்டாலும், பெற்றுவிட்டதாகவே எழுந்து சாட்சி சொல்லிவிட வேண்டும். அதுதான் விசுவாசம், சொன்னால் நடக்கும் என்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று நாள் உபவாச ஜெபம் முடிந்த சூட்டில், சாட்சி நேரத்தில் அத்தான் எழுந்தார்.

"என் வீட்டுக்காரி கண்ணு சுகமாயிடுச்சு! மருந்தை இன்னையோட நிறுத்திட்டோம்!"

சபை அதிர்ந்தது. மேடையோரம் கீபோர்டு வாசிக்கிற நான் உடனே வெற்றிப் பாட்டு ஒன்றை எடுத்தேன். அந்த இடத்தில் இருந்து எல்லார் முகமும் தெரியும். மூன்றாவது பெஞ்சில் அக்கா முகம் வெளுத்துப் போயிருந்தது. அவளிடம் அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. "சகோதரி, எப்படி இருக்கு?" என்று பாஸ்டர் மைக்கை நீட்டினார். அவள் எழுந்து, "நல்லா இருக்கு ஐயா" என்றாள். நான் வாசிப்பதை நிறுத்தவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

அன்று சாயங்காலமே மருந்துப் புட்டி குப்பைக்குப் போனது. அடுத்த ஒன்றரை வருஷத்தில் அக்கா தையலை விட்டாள், முதுகுவலி என்றாள். பைபிள் வாசிக்கச் சொன்னால், கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிட்டாள். தெருவில் இறங்கினால் அத்தான் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்த வயசுலயும் ஜோடி போட்டுக்கிட்டு வர்றதைப் பாரு" என்று பெண்கள் கேலி செய்தார்கள், அத்தான் வெட்கப்பட்டு நெளிவார். அவருக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். அந்த வீட்டில் உப்பு எங்கே, சீப்பு எங்கே என்று அக்காவின் கைகளுக்குத் தெரியும். எனக்குச் சந்தேகம் இல்லாமல் இல்லை. என் வீட்டு வாசல் நிலையில் அவள் இரண்டு தடவை இடித்துக்கொண்டாள். கேட்டால் அத்தானோடு சண்டை வரும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஒருநாள் சாயங்காலம் ஏழு மணி இருக்கும். எங்கள் தெரு முழுக்கக் கரன்ட் போயிருந்தது. வேலை முடிந்து வந்த அத்தான் தட்டுத் தடுமாறி வீட்டுக்குள் நுழைந்தார். சமையலறையில் கத்தி பலகையில் படும் சத்தம் கேட்டது. கும்மிருட்டில் அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

"வந்துட்டீங்களா? ஏன் முகம் இப்படி வாடிக் கிடக்கு?" என்று கேட்டாள்.

அத்தான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் கையே அவருக்குத் தெரியாத இருட்டு அது. கொஞ்ச நேரம் கழித்து எனக்கு ஃபோன் செய்தார். அந்தத் தொண்டையில் இருந்து அவ்வளவு சின்னக் குரல் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. "மாப்ளே, உங்க அக்காவுக்குக் கண்ணு தெரியல. எனக்காக நடிச்சிருக்கா."

மறுநாள் மூவரும் டாக்டரம்மாவிடம் போனோம். அவர் வெகுநேரம் பார்த்தார். இடது கண் முழுக்கப் போய்விட்டது. வலது கண்ணில், கிட்டே டார்ச் அடித்தால் மட்டும் வெளிச்சம் தெரிகிறது. நடந்ததை அத்தான் மறைக்காமல் சொன்னார்.

"நீங்க பாய்லர்ல இருக்கீங்கன்னு சொன்னீங்கல்ல? பிரஷர் முள்ளு சிவப்புக்குப் போனா என்ன பண்ணுவீங்க?"

"வால்வைத் திறப்பேன்."

"ஜெபம் பண்ண மாட்டீங்களா?"

"பண்ணிக்கிட்டே திறப்பேன்."

டாக்டரம்மா வலது கண்ணுக்கு மட்டும் மருந்து எழுதிக் கொடுத்தார். அத்தான் அந்தச் சீட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

விஷயம் பாஸ்டருக்குப் போனது. அவர் நல்ல மனிதர்தான், ஆனால் பயந்தார். "சபையில சொல்ல வேண்டாம் பிரதர். சின்னப் பிள்ளைங்க விசுவாசம் ஆடிப் போயிடும்" என்றார். அத்தான் தலையாட்டினார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் எழுந்து நின்றார். பழக்க தோஷத்தில் ஒருவர் போய் மைக்கை அணைத்தார். அத்தான் பேச ஆரம்பித்ததும் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. அணைத்தவரே ஓடிப் போய் மறுபடியும் போட வேண்டியிருந்தது.

"ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி இதே இடத்துல நின்னு பொய் சொன்னேன். என் வீட்டுக்காரிக்குச் சுகம் கிடைக்கல. இப்ப ரெண்டு கண்ணும் தெரியாது. மருந்தை நிறுத்தினது நான்."

பின்வரிசையில் யாரோ வழக்கம்போல "அல்லேலூயா" என்று ஆரம்பித்துப் பாதியில் விழுங்கினார்கள்.

"ஆண்டவரால எல்லாம் முடியும்னு சொன்னேன். அது பொய் இல்ல. இப்பவும் சொல்றேன், முடியும். ஆனா அவர் என் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்னு நினைச்சேன். வேலைக்காரன் மாதிரி அவரை ஏவினேன். நான் மண்ணு. மண்ணுன்னு பாட்டுல பாடியிருக்கேன், நிஜமா நினைச்சதே இல்ல. யாரும் என்னை மாதிரி மருந்தை நிறுத்திடாதீங்க."

பாஸ்டர் என்னைப் பார்த்து, வாசி, வாசி என்று கண்ணைக் காட்டினார். நான் கையைக் கட்டிக்கொண்டேன். அத்தான் உட்கார்ந்தார். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது யாரும் அவரிடம் வந்து பேசவில்லை. இரண்டு பேர் மட்டும் தூரத்தில் நின்று, விசுவாசம் பத்தவில்லை என்று முணுமுணுத்தார்கள். எனக்கு அவர்களை அறைய வேண்டும் போல இருந்தது.

அவர்களை வீட்டில் கொண்டு விட்டேன். அக்கா உள்ளே படுக்கையில் சாய்ந்துகொண்டாள். முன்னறையில் அத்தானும் நானும் உட்கார்ந்திருந்தோம். எனக்கு உள்ளுக்குள் எரிந்துகொண்டிருந்தது. அவர்மேலா, என்மேலா, மேலே இருப்பவர்மேலா என்று பிரிக்க முடியவில்லை.

"இவ்வளவுக்கு அப்புறமும் அவரால முடியும்னு நம்பறீங்களா அத்தான்?" என்று கேட்டேன்.

"முடியும் மாப்ளே. முடியாதுன்னா மனசு ஆறிடும். ஐயோ பாவம், அவரும்தான் என்ன பண்ணுவார்னு விட்டுடலாம். முடியுமே! ஒரு வார்த்தை போதும் அவருக்கு. சொல்லலையே. ஏன்னு கேக்க எனக்கு வாய் இருக்கா? நானும் கேட்டுக் கேட்டுப் பாக்கறேன், முட்டி போட்டா வார்த்தை வர மாட்டேங்குது. ஆண்டவரேன்னு சொல்றேன், அதோட நின்னுடுது."

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளேயிருந்து அக்கா பேசினாள்.

"நான் கேட்டேங்க. ஒன்றரை வருஷமா, தினம் காலையில முழிப்பு வந்ததும் கண்ணைத் திறக்காம படுத்துக்கிட்டு கேப்பேன். என் வீட்டுக்காரர் சொன்னது பொய்யாகக் கூடாது, ஊர் முன்னாடி அவர் தலை குனியக் கூடாது, இன்னைக்காவது கொடுத்துடுன்னு. அப்புறமா மெதுவாத் திறப்பேன்."

அத்தான் எழுந்து உள்ளே போனார்.

"இன்னைக்குக் காலையிலயும் கேட்டேன்" என்றாள்.

அவர் பக்கத்தில் இருந்த மருந்துப் புட்டியை எடுத்தார். அவள் தலையை நிமிர்த்தி, வலது கண் இமையை விரலால் பிரித்து, ஒரு சொட்டு விட்டார். மூடியைத் திருகப் போனார்.

"இதுக்கும்" என்றாள் அக்கா, இடது கண்ணைக் காட்டி.

"அதுக்கு வேண்டாம்னுட்டாங்களேம்மா டாக்டர்."

"தெரியும். போடுங்க."

அத்தான் அதற்கும் ஒரு சொட்டு விட்டார்.