நாய்களுக்கு வந்த ஈரல்

தன் வேலையின் பெயரைச் சொல்லப் பவுனம்மாளுக்கு வாய் கூசும். பிள்ளை ஆயா என்றால் தோட்டத்தில் ஒரு மதிப்பு உண்டு. நாய் ஆயா என்றால் ரப்பர் பால் வெட்டப் போகிற சின்னப் பெண்கள்கூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவளும் சும்மா விடமாட்டாள். “சிரிங்கடி, அந்த நாய் படுக்கிற மெத்தையில உங்க ஏழு தலைமுறையும் படுத்திருக்காது” என்று சொல்லிவிட்டுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். கூலிக்காரர் குடியிருக்கும் லயம் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் முகம் தொங்கும்.

பதினேழு வயதில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் புருஷனோடு வந்தவள். மலாயாவில் கிள்ளானுக்கும் பந்திங்குக்கும் நடுவே ஒரு ரப்பர் தோட்டம். இரண்டே வருஷத்தில் காய்ச்சல் புருஷனைக் கொண்டுபோயிற்று. கைசுத்தமானவள் என்று யாரோ சொல்லப்போய்த் துரை பங்களாவில் பிள்ளை பார்க்கச் சேர்த்தார்கள். துரையின் இரண்டு பிள்ளைகளையும் ஆறு வருஷம் இடுப்பிலேயே வளர்த்தாள். மூத்தது முதன்முதலில் பேசிய வார்த்தை “சோறு”. அதைக் கேட்டுத் துரைசானி அரை நாள் அழுதாள். அப்புறம் இரண்டையும் சீமைக்குப் படிக்க அனுப்பிவிட்டார்கள். பங்களாவில் மிஞ்சியவை பிரின்ஸ், டாலி என்ற இரண்டு நாய்கள். துரைசானி சங்கிலிகளை எடுத்துப் பவுனம்மாள் கையில் கொடுத்தாள். பிள்ளை தூக்கிய கையில் நாய்ச்சங்கிலி. அன்றைக்கு அவளுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. ஆனாலும் சாகவில்லை, சம்பளம் அதேதான் என்று சொன்னார்கள்.

முப்பத்தொன்றாம் வருஷம் ரப்பர் விலை பாதாளத்துக்குப் போயிற்று. பாதி லயம் காலி. மூட்டை முடிச்சோடு ஜனங்களை லோரியில் ஏற்றித் ஊருக்குக் கப்பலேறச் சொல்லித் துறைமுகத்தில் இறக்கிவிட்டு வந்தார்கள். மிஞ்சியவர்களுக்கு வாரத்தில் மூன்று நாள் வேலை. அந்த மிஞ்சியவர்களில் பவுனம்மாளின் தங்கை மாரியாயியும் அவள் புருஷன் ரெங்கசாமியும் உண்டு. மாரியாயி அப்போது நிறைமாசம். இதற்கு முன் பெற்ற இரண்டும் மூன்று மாசம் தாண்டவில்லை. நோய் ஒன்றும் இல்லை, தாயிடம் பால் இல்லை, அவ்வளவுதான். இந்தப் பிள்ளையாவது தங்குமா என்பதுதான் பவுனம்மாளுக்கு ராத்திரி பகல் கவலை.

துரைசானிக்கும் கவலை இருந்தது. சீமையிலிருந்து தபாலில் அவளுக்கு ஒரு புத்தகம் வந்திருந்தது. நாய் என்பது ஓநாயின் வாரிசாம். ஓநாய் காட்டில் அடுப்பு மூட்டுவதில்லையாம். ஆகவே நெருப்புப் பட்ட எதுவும் நாய்க்கு விஷம், பச்சைக் கறியும் பச்சை ஈரலும் எலும்பும்தான் இயற்கை உணவு என்று எழுதியிருந்ததாம். ஓநாய் மெத்தையில் படுக்காது, ஓநாய்க்கு ஞாயிற்றுக்கிழமை சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுவதில்லை என்பதையெல்லாம் அந்தப் புண்ணியவான் எழுத மறந்துவிட்டான் போலிருக்கிறது. துரைசானியும் அதைக் கேட்கவில்லை.

முதலில் மாட்டுக்கறி என்றாள். அதைத் தொடமாட்டேன், கழுத்தை வெட்டினாலும் தொடமாட்டேன் என்று பவுனம்மாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். இடையில் நின்று மொழிபெயர்த்த தோட்டத்துக் கணக்கர் கார்த்திகேசு கிராணி, யாழ்ப்பாணத்துச் சைவர், அவரும் மூக்கைச் சுளித்தார். கடைசியில் ஆட்டுக்கறி என்று முடிவாயிற்று. தினமும் கிள்ளான் பாசாரிலிருந்து இரண்டு கட்டி கறியும் ஈரலும் இலையில் மடித்து லோரியில் வந்து இறங்கும். வெயிலில் வந்த கறி எந்த அழகில் இருக்கும்? நாலாம் நாள் இரண்டு நாய்களுக்கும் வயிறு போயிற்று. உடம்பிலிருக்கும் விஷம் வெளியேறுகிறது, நல்ல அறிகுறி என்று துரைசானி புத்தகத்தைப் புரட்டிச் சொன்னாள். விஷம் வெளியேறியதெல்லாம் கம்பளத்தின் மேல்தான். அதைக் கழுவும் அத்தியாயம் புத்தகத்தில் இல்லாததால் பவுனம்மாள் கழுவினாள்.

அந்த வாரம் மாரியாயிக்கு ஆண்பிள்ளை பிறந்தது. பச்சை உடம்புக்காரிக்குப் பூண்டும் மிளகும் தட்டிப்போட்டு ஈரல் வறுத்துக் கொடுக்கவேண்டும், எலும்பு ரசம் வைத்துக் கொடுக்கவேண்டும், அப்போதுதான் பால் ஊறும். வீட்டில் இருந்தது நொய்யரிசியும் கருவாட்டுத் தலையும். எட்டாம் நாள் பிள்ளை மார்பைச் சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. பவுனம்மாள் அதைப் பார்த்துவிட்டுப் பங்களாவுக்குப் போனாள். வெள்ளைப் பேசின் கிண்ணத்தில் ஈரல் பளபளவென்று கிடந்தது. பக்கத்தில் கழிச்சல் கண்ட இரண்டு நாய்கள். அவளுக்கு வந்த கோபத்தில் பேசினைத் தூக்கித் துரைசானி தலையில் கவிழ்த்திருப்பாள். கவிழ்க்கவில்லை. வேறு வழி செய்தாள்.

சாயங்காலம் நான்கு மணிக்குத் துரைசானி வந்து பேசினில் கறி இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பாள். தலையை ஆட்டிவிட்டு டென்னிஸ் ஆடப் போய்விடுவாள். அவள் தலை மறைந்ததும் பேசின் சமையற்கட்டுக்குப் போகும். ஈரலும் கறியும் வாழையிலையில் மடங்கி லயத்துக்குப் போகும். நாய்களுக்குப் பவுனம்மாள் தன் பங்கு அரிசியில் கருவாட்டுத் தலையும் மஞ்சளும் போட்டுக் கஞ்சி காய்ச்சி ஊற்றினாள். ஆரம்பத்தில் அவை பேசினில் வாய் வைக்கப் பார்த்தன. வாய் வைத்தால் மூக்கில் ஓர் அடி. உட்கார்ந்து காத்திருந்தால் கஞ்சி. பத்தே நாளில் பாடம் படிந்துவிட்டது. பேசின் என்பது மோந்து பார்க்க, சட்டி என்பது சாப்பிட.

நாய்க்கு வந்த கறியை என் பெண்டாட்டி திங்கிறதா என்று ரெங்கசாமி ஒரு நாள் முறுக்கினான். அப்படியானால் நீ வாங்கிக்கொண்டு வா, நான் நாய்க்கே போட்டுவிடுகிறேன் என்றாள் பவுனம்மாள். மாரியாயிக்குப் பால் சுரந்தது. மூன்று மாசம் தாண்டியபோது பிள்ளைக்குத் தொடையில் இரண்டு மடிப்பு விழுந்திருந்தது.

நாய்களும் தேறின. கழிச்சல் நின்றது, ரோமம் மினுமினுத்தது. துரைசானிக்குத் தலைகால் புரியவில்லை. கிள்ளான் கிளப்பில் இதே பேச்சாகப் பேசி, கடைசியில் ஆறேழு துரைசானிகளைத் தேநீருக்கு அழைத்தாள். வராந்தாவில் நாற்காலிகள், நடுவில் வெள்ளைப் பேசின், அதில் ஈரல். இயற்கையைப் பாருங்கள் என்பதுபோல் கையை நீட்டினாள்.

பிரின்ஸும் டாலியும் பேசினுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தன. மோந்து பார்த்தன. எச்சில் ஒழுகியது. ஆனால் வாய் வைக்காமல் தூணருகே நின்ற பவுனம்மாளின் முகத்தையே பார்த்தன. துரைசானி ஆங்கிலத்தில் கொஞ்சினாள். ஒரு விருந்தாளி ஈரல் துண்டை எடுத்து நீட்டினாள். பிரின்ஸ் அடி விழுமென்று முன்காலால் மூக்கை மறைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிற்று. பிறகு இரண்டும் எழுந்து சமையற்கட்டுக்கு ஓடின. சட்டி உருளும் சத்தம் கேட்டது. டாலி ஒரு கருவாட்டுத் தலையைக் கவ்விக்கொண்டு வந்து, துரைசானியின் வெள்ளைச் சப்பாத்துக் காலின் மேல் பக்தியோடு வைத்தது.

விசாரணைக்குக் கிராணியைக் கூப்பிட்டார்கள். இத்தனை நாள் கறி எங்கே போயிற்று என்று அவர் கேட்டார். பவுனம்மாள் பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் பயத்தைவிட அவளுக்கு வெறுப்புத்தான் மேலோங்கியிருந்தது.

“என் தங்கச்சி வயித்துக்குப் போச்சுங்கய்யா. அங்கேருந்து பிள்ளை வயித்துக்குப் போச்சு. இன்னும் என்ன தெரியணுமாம்?”

போலீஸ் என்று துரைசானி கத்தினாள். கிளப் முழுக்கச் சிரிக்கும் என்று துரை அவளை அடக்கினார். பவுனம்மாளை மட்டும் அன்றைக்கே விரட்டிவிட்டார்கள். அவள் தகரப் பெட்டியோடு தங்கை வீட்டுக்கு வந்தாள். கறி நின்றது. நாலு நாளில் பிள்ளை மறுபடியும் இழுத்து இழுத்து அழ ஆரம்பித்தது. அந்த அழுகையைக் கேட்டபோதுதான், வாயை அடக்கியிருக்கலாமே என்று அவள் முதல்முறையாக வருந்தினாள்.

பங்களாவிலும் நிலைமை சுகமில்லை. நாய்கள் பேசினுக்கு முன்னால் உட்கார்ந்து மோந்தன, காத்திருந்தன, யாரும் கஞ்சி ஊற்றவில்லை. ஊட்டிவிட்டால் துப்பின. ஐந்தாம் நாள் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடிவந்து மாரியாயி வாசலில் படுத்துவிட்டன. பின்னாலேயே சைக்கிளில் கிராணி வந்தார்.

“துரைசானி கேக்கிறா. அந்தக் கஞ்சியிலை என்ன போட்டனீ?”

“கூலிக்காரன் திங்கிறதத்தான் போட்டேன். இந்தத் தோட்டத்துல அது நாய்க்குத்தான் ஒத்துக்குது. பெத்தவளுக்குப் பால் ஊற மாட்டேங்குது.”

கிராணி குனிந்து சைக்கிள் மணியைத் துடைத்தார். திரும்பி வருவாயா என்று கேட்கச் சொல்லியிருக்கிறாள் என்றார். பவுனம்மாள் உள்ளே படுத்திருந்த பிள்ளையைப் பார்த்தாள்.

“வரேன். ஆனா கறியும் ஈரலும் எப்பவும்போல வரட்டும். நாய் மோந்து பாக்கட்டும். மோந்தாலே அதுக்கு ஓநா ஞாபகம் வந்துரும். அப்புறம் கஞ்சி குடிக்கட்டும்.”

கிராணி இதை எந்த ஆங்கிலத்தில் சொன்னாரோ தெரியாது. முதலில் வாசனை காட்டிப் பசியைத் தூண்டவேண்டும் என்று ஏதோ வைத்தியம் போலச் சொல்லியிருப்பார். துரைசானி சட்டென்று ஒப்புக்கொண்டாள். தினமும் பச்சைக் கறிதான் வைக்கிறேன் என்று கிளப்பில் தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்ளலாம், அதில் பொய்யும் இல்லை. மாரியாயியின் மகன் எழுந்து நடக்க ஆரம்பித்தபோதும் லோரியில் ஈரல் வந்துகொண்டிருந்தது. நாய்கள் மோந்து முடித்த பிறகு அது எங்கே போகிறது என்று துரைசானி ஒரு நாளும் கேட்கவில்லை.