ஏழாம் நம்பர் ஜன்னல்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில இருக்கும். திருவனந்தபுரம் வலியசாலையில எங்க தெருவுக்கே அது தெரியும். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி வெப்சைட்டோட தமிழ்ப் பக்கங்களை எழுத ஊழியர்களுக்கு நான் உதவி பண்ணணும்னு மேலதிகாரி சொன்னப்போ, எங்காத்துல எல்லாரும் அந்த ஊழியர்களை நினைச்சுத்தான் பாவப்பட்டா.

நாகர்கோவில், களக்காடு, தென்காசின்னு அந்தப் பக்கத்து ஜனங்க திருவனந்தபுரத்துக்குத்தான் வைத்தியத்துக்கு வருவாங்க. வந்து இறங்கினப்புறம், இன்னிக்கு டாக்டர் பார்க்க மாட்டார், இந்தச் சீட்டு போதாதுன்னு கேட்டுட்டுத் திரும்பிப் போவாங்க. ஊருக்கு ஊர் பிரவுசிங் சென்டர் முளைச்ச காலம் அது. வர்றதுக்கு முன்னாடியே படிச்சுட்டு வரட்டும்னுதான் இந்த ஏற்பாடு.

இதயப் பிரிவுக்கான பக்கத்தை ஏழாம் நம்பர் விசாரணை ஜன்னல்ல இருந்த சேச்சி எழுதணும். பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க்காரங்கதான். ஆனா ஆபீஸ்ல எல்லாருக்கும் மலையாளத்துல சேச்சி, அதாவது அக்கா; அவங்களுக்கு நான் மோள், மகள் மாதிரி. ஜன்னல்ல அவங்க பேசினா பச்சைக்குழந்தைக்கும் விளங்கும். “வெள்ளிக்கிழமை வராதீங்க, டாக்டர் ஆபரேஷன்ல இருப்பாரு. பழைய சீட்டெல்லாம் ஒரே கவர்ல போட்டுக்கோங்க.” அவ்வளவுதான். அதே சேச்சி எழுதித் தந்தது: “மேற்படி பிரிவின் விதிகளுக்கு உட்பட்ட தினங்களில் புறநோயாளிகள் உரிய ஆவணங்கள் சகிதம் ஆஜராக வேண்டியது.”

நாலு தடவை திருப்பிக் கொடுத்தேன். நாலு தடவையும் அதே சகிதம், அதே ஆஜர். அஞ்சாவது தடவை, “போலீஸ் ஸ்டேஷனுக்கா சேச்சி கூப்பிடறேள்?”னு கத்திட்டேன்.

சேச்சி பேப்பரை மடிச்சு வச்சாங்க. “எல்லாத்தையும் விளங்கற மாதிரி எழுதிப் போட்டா, பின்ன எங்கிட்ட எவரு வருவா மோளே? ஜன்னலை மூடிட்டு என்னை ரெக்கார்டு ரூமுக்கு அனுப்பப் போறாங்களாம்.”

இருபது வருஷமா மனுஷங்க முகத்தைப் பார்த்துப் பேசினவங்களைத் தூசி பிடிச்ச கட்டுகளுக்கு நடுவுல உட்கார வைக்கறதா? அப்படி நடக்காதுன்னு சொல்ல எனக்கு என்ன அதிகாரம் இருக்கு? எழுந்து வந்துட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை களக்காட்டுலேருந்து ஒரு வயசான தம்பதி வந்தாங்க. டாக்டர் ஆபரேஷன்ல இருந்தார். சேச்சி தன்மையா சொல்லி அனுப்பினாங்க. அந்த அம்மா நெஞ்சைப் பிடிச்சுண்டு, ஒவ்வொரு படியிலும் நின்னு நின்னு இறங்கறதை ஜன்னல் வழியா பார்த்துண்டே இருந்தாங்க. மத்தியானம் சோத்துப் பாத்திரத்தோட என் மேஜைக்கு வந்து, “எழுதிக்கோ, நான் சொல்றேன்”னாங்க.

சேச்சி சொல்லச் சொல்ல அப்படியே எழுதினேன். ஒரு வார்த்தை மாத்தலை. முதல் வரியே, வெள்ளிக்கிழமை வராதீங்க.

பக்கம் வெளிவந்து ஒரு மாசத்துல ஜன்னல் முன்னாடி வரிசை பாதியாச்சு. சேச்சி கைக்கு வேலையில்லாம பேனா மூடியைத் திருகிண்டு இருப்பாங்க. அந்தப் பக்கம் போகவே எனக்குக் குற்ற உணர்ச்சியா இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை வேற வழியில்லாம நான் அந்த ஜன்னலுக்குப் போயிருந்தப்போ, அதே களக்காட்டுத் தம்பதி வந்தாங்க. கையில பிரவுசிங் சென்டர் பிரிண்ட் அவுட். சரியான நாள், எல்லாச் சீட்டும் ஒரே கவர்ல. கேட்க ஒண்ணுமே இல்லை. ஆனா அந்த அம்மா ஜன்னலை விட்டு நகரலை.

“எக்கோ ஸ்கேன் எடுக்கணும்னு இதுல போட்டிருக்கும்மா. வலிக்குமா?”

சேச்சி ஜன்னல் கம்பி வழியா அந்த அம்மா கையைப் பிடிச்சாங்க. வலிக்கவே வலிக்காது, நெஞ்சுல ஒரு பசை தடவுவாங்க, கொஞ்சம் ஜில்லுனு இருக்கும், அவ்வளவுதான்னு சொன்னாங்க. அந்த அம்மா முகம் தெளிஞ்சு உள்ளே போனதும் என் பக்கம் திரும்பினாங்க.

“இது விட்டுப்போச்சே. இதையும் சேர்த்து எழுதிடு மோளே.”

தன் ஜன்னலைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. எனக்குக் கண் நிறைஞ்சுடுத்து. அன்னிக்கே எழுதினேன். கடைசியில நானா ஒரு வரி சேர்த்தேன்: இன்னும் ஏதாவது கேட்கணுமா, ஏழாம் நம்பர் ஜன்னலுக்கு வாங்க. மேலதிகாரி படிச்சார். அந்த வரியை அடிக்கலை, ஜன்னலையும் மூடலை.