கடித்த ரொட்டி

போன மாதம் ஒரு வட்ட ரொட்டியில் ஒரு கடி கடித்துவிட்டு, மிச்சத்தைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தேன். "எச்சில் ரொட்டியைத் தாஷ்கண்டுக்கு அனுப்பப் போறியளோ? என்ன விசரே உங்களுக்கு?" என்றா மனைவி. லண்டன் ஸ்ட்ரெதத்தில் இப்படி ஒரு பார்சல் கட்டியவன் நானாகத்தான் இருக்கும்.

இருபது வருசத்துக்கு முன் லண்டனுக்கு அனுப்புறதாகச் சொன்ன ஏஜென்சிக்காரன் என்னைத் தாஷ்கண்டில் இறக்கிவிட்டான். விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் மரங்களைத்தான் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் இடுப்பளவு வெள்ளை பூசியிருந்தது. எங்கட பக்கத்தில் ஆமி ஒன்றுக்கு அடையாளம் போட்டால் அடுத்த கிழமை அது இராது. மரங்களை விட்டு விலகி நடந்தேன். பூச்சி ஏறாமலிருக்கப் பூசிய சுண்ணாம்பாம். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவனுக்கு எப்படித் தெரியும்? வீதியோர வாய்க்காலில் மலைத்தண்ணி ஓடியது. சிரித்த கிழவர்களுக்கெல்லாம் தங்கப் பல்.

அறை தந்தவ ஸுல்ஃபியா என்ற விதவை. அக்கா என்பதற்கு அவர்களின் சொல் 'ஓப்பா'. அப்படித்தான் கூப்பிட்டேன். பொலிசுக்குப் பயந்து நான் கதவைப் பூட்டிக்கொண்டிருந்த நாலு மாதமும் பச்சைத் தேத்தண்ணியும் ரொட்டியும் வாசலில் வைத்துத் தட்டிவிட்டுப் போவா.

லண்டனுக்கு வெளிக்கிட்ட அன்று ஒரு முழு ரொட்டியை என் வாயருகே பிடித்தா. ஒரு கடி கடித்தேன். உடனே மிச்சத்தைத் தன்னிடம் இழுத்தா. என் எச்சிலை அந்த மனிசி கையில் விடுறதோ? கூச்சத்தில் "நோ, நோ" என்று பறித்துப் பையில் வைத்தேன். அவவுக்குக் கண் கலங்கியது. எனக்கு விளங்கவில்லை. விமானத்தில் முழுவதையும் தின்று முடித்தேன்.

இப்போது என்னோடு ஷிப்ட் செய்கிற தில்ஷாத்துக்கும் தாஷ்கண்ட்தான். எங்கட பெடியளோடு பழகித் தமிழும் பேசுவான். போன மாதம் ஊருக்குப் புறப்பட முன், "அண்ணை, பதினொரு வருசமா என்ர ரொட்டி அம்மா வீட்டில தொங்குது. போய்க் கடிச்சா பல்லுத்தான் உடையும்" என்று சிரித்தான். பயணம் போகிறவர் ஒரு கடி கடிக்கவேணுமாம். மிச்சத்தைத் தொங்கவிட்டு, அவர் திரும்பி வந்து சாப்பிடும்வரை வீட்டார் பார்த்திருப்பார்களாம்.

"நான் முழுசையும் திண்டிட்டன்" என்றேன். அவன் சிரிப்பை நிறுத்தினான்.

அன்றுதான் அந்தப் பார்சலைக் கட்டி, பழைய விலாசத்தோடு அவனிடம் குடுத்துவிட்டேன். அவ உயிரோடு இருக்கிறாவோ, அந்த வீடு இருக்கோ என்று பத்து நாள் நித்திரையில்லை.

நேற்று தில்ஷாத்தின் போன் வந்தது. "அண்ணை, ஓப்பா இருக்கிறா. ரொட்டியைக் குடுத்தன்."

"என்ன சொன்னவ?"

"சுவரில கொண்டுபோய்க் கொழுவினா. ஆணி புதுசில்லை, அண்ணை. நீங்கள் வெளிக்கிட்ட அண்டு அடிச்சதாம்."

இன்று காலை பாண் துண்டு ஒன்றைக் கடித்துவிட்டு, மிச்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஷிப்டுக்குப் பஸ் போய்விட்டது.